விலகியதற்கான காரணம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செய்தி குரலாக வந்தது. டோம்பிவிலியில் என் மகன் வீட்டில் அமர்ந்து, அந்த வாரத்து மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். வியாழன் வரை வந்திருந்தேன். கைபேசியில் இசக்கியின் குரல் பதிவு ஒன்று விழுந்தது. இசக்கி எங்கள் பள்ளியின் பழைய மாணவி. இப்போது கோவண்டியில் ஒரு தையல் யூனிட்டில் மேற்பார்வையாளர். அவள் எதையும் எழுதி அனுப்புவதில்லை. எப்போதும் பேசித்தான் அனுப்புவாள்.

“சார், நான் இசக்கி. டீச்சர் போயிட்டாங்க சார். விடியக்காலைல நெஞ்சு வலிக்குன்னு சொல்லியிருக்காங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சி. நீங்க ரயில் கர்தில, அந்த நெரிசல்ல ஏறாதீங்க சார், விழுந்து வைப்பீங்க. ஆபீஸ் கூட்டம் குறையட்டும், மெதுவா வாங்க.”

மூன்று முறை கேட்டேன். பிறகு அவள் சொன்னபடியே கூட்டம் குறையும்வரை காத்திருந்து ரயில் ஏறினேன். சயானில் இறங்கி தாராவிக்குள் நடந்து போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். சந்தில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த டீச்சருடைய தம்பி என்னைப் பார்த்து, “நீங்க யாரு அண்ணாச்சி?” என்றார்.

“ஸ்கூல் ஆபீஸ்ல இருந்தேன். ஹெட் கிளார்க்.”

“ஓ, லிஸ்ட் சாரா! அக்கா சொல்லும்.”

அக்கா என்ன சொல்வார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியைத் திரும்ப விரித்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

சண்முகத்தாய் டீச்சரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே பலர் இருக்கிறீர்கள். நான் அவரிடம் படித்தவன் இல்லை. அவரோடு சேர்ந்து பாடம் நடத்தியவனும் இல்லை. அவருடைய வகுப்பறைக்குள் நான் போனதெல்லாம் சுற்றறிக்கையில் கையொப்பம் வாங்கத்தான். பழைய மாணவர்கள் நினைவு மலர் ஒன்று கொண்டுவருகிறார்கள். அதில் தமிழ்ப் பக்கங்களைப் பிழை பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அவர்களில் தமிழை வேகமாகப் படிக்கக்கூடியவர்கள் குறைவு. அதனால் என்னிடம் வந்தார்கள். பிழை பார்க்கும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். அந்த வரியால்தான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். எதையும் அதனதன் வரிசையில் சொல்வது என் பழக்கம்.

பள்ளி ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மாட்டுங்காவில். பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பக்கம், தாராவியிலிருந்து வருபவர்கள். ஆசிரியர் அறையில் “அந்தப் பக்கம்” என்று சொன்னாலே போதும், விளக்கம் தேவைப்படாது. டீச்சர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய தகப்பனார் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். எங்கள் பள்ளியிலேயே படித்து, பி.எட். முடித்து, அதே பள்ளியில் அறிவியல் டீச்சராக வந்தார். திருநெல்வேலிப் பேச்சை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. சேர்ந்த புதிதில் சிலர் அவர் பின்னால் “சொல்லுதேன், வாரேன்” என்று பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். நான் பேசிக் காட்டியதில்லை. சிரித்திருக்கிறேன்.

இனி என் பட்டியலைப் பற்றி. வாசலில் ஒவ்வோர் ஆண்டும் தொங்கிய அந்தத் துணிப் பதாகை உங்களுக்கு நினைவிருக்கும்: பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அந்த நூறு எப்படி வந்தது என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பட்டியலை மதிப்பெண் வரிசையில் கேட்பார். அவர்களுடைய பெற்றோரை வரவழைத்து, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து, பதினேழாம் எண் படிவத்தில் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளச் சொல்வோம். தனித்தேர்வர் தோற்றால் பள்ளிக் கணக்கில் வராது. சான்றிதழில் “பள்ளியை விட்டு விலகியதற்கான காரணம்” என்று ஒரு கட்டம் உண்டு. அதில் “பெற்றோரின் விருப்பம்” என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள். எல்லாச் சான்றிதழிலும் அந்த இரண்டு சொற்களும் ஒரே அளவில், ஒரே சாய்வில் இருக்கும். அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஒருநாள் மதியம் டீச்சர் அலுவலகத்துக்கு வந்து என் மேசை எதிரே நின்றார். பட்டியல் மேலேயே இருந்தது.

“சார், லிஸ்ட் ரொம்ப அளகா போட்டிருக்கிய. இன்னொரு கட்டம் சேத்துப் போடுங்களேன்.”

“என்ன கட்டம்?”

“பின்கோடு.”

கட்டம் கூடுதலாகப் போடுவதென்றால் எனக்குப் பிடிக்கும். ஏன் என்றுகூடக் கேட்காமல் அவர் போன பிறகு சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து நிரப்பினேன். ஒரே எண் மேலிருந்து கீழ்வரை இறங்கி வந்தது. இரண்டு ஆண்டுகளின் பழைய பட்டியல்களை எடுத்து அவற்றிலும் போட்டுப் பார்த்தேன். அதே எண்தான். மாட்டுங்காவின் எண் ஓர் இடத்திலும் இல்லை. படிவத்தின் எண்ணும் பதினேழு, தாராவியின் பின்கோடு முடிவதும் பதினேழு என்பதை அன்று கவனித்தேன். மறுநாள் டீச்சர் வந்து கட்டத்தைப் பார்த்தார்.

“இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்ல சொல்லித்தர ஆள் இருக்கு, டீச்சர். டியூஷன் இருக்கு” என்றேன்.

“அதைத்தான் சார் நானும் சொல்லுதேன்” என்றார். நான் அந்தக் கட்டத்தை நீக்கிப் புதிதாக ஒரு பிரதி எடுத்துத் தலைமையாசிரியருக்கு அனுப்பினேன்.

அதற்கு மறு ஆண்டுப் பட்டியலில்தான் இசக்கி வந்தாள். ஒன்பது பேரில் கடைசிப் பெயர். விடைத்தாள்களில் பாதி வெற்றாக இருக்கும். எழுதிய பாதியில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். மக்கு என்று ஆசிரியர் அறையில் முடிவாகியிருந்தது. தேர்வு முடிந்த வாரம் டீச்சர் அவளை என் ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் நிறுத்தி, நான் கேட்கும்படியாகவே பேசினார்.

“ஏட்டி இசக்கி, இந்த பல்பு எப்படி எரியுது? சாருக்குக் கேக்க மாதிரி சொல்லு.”

அவள் சொன்னாள். மின்சாரம் எங்கிருந்து கிளம்பி எதற்குள் போகிறது, இழை ஏன் சூடாகிறது, ஃபியூஸ் ஏன் அறுந்துபோகிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில், “எங்க வீட்டுல மெஷின் லோடு ஜாஸ்தியானா இப்பிடித்தான் டீச்சர் அடிக்கடி போவும், நான்தான் மாத்துவேன்” என்றாள்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “கேட்டியளா? இதுக்கு எத்தனை மார்க் போடுவிய?”

“நான் மார்க் போடறவன் இல்லையே, டீச்சர்.”

“லிஸ்ட் போடுறவருதான?”

பெற்றோரை வரச் சொன்ன நாளில் எட்டுப் பேர் காலையிலேயே வந்து கையொப்பமிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் எனக்கு நன்றிகூடச் சொன்னார். இசக்கியின் அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். பாதி நாள் விடுப்பு கேட்டு மதியம்தான் வந்தார். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது. தலைமையாசிரியர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவருக்கு விளக்கினார். அவர் தலையாட்டிக்கொண்டே பேனாவை எடுத்தபோது டீச்சர் உள்ளே வந்தார். வகுப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் சாக்பீஸ் இருந்தது.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம். அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சியளா?”

“நமக்கு எங்கம்மா வாசிக்க வருது. பெரிய சார் சொல்லுதாவ, பிள்ளை பாஹர் சே, வெளிய இருந்து எழுதுனா அவளுக்கு நல்லதுங்காவ.”

டீச்சர் தாளை எடுத்து நிதானமாக வாசித்தார். “பள்ளியை விட்டு விலகியதற்கான காரணம்: பெற்றோரின் விருப்பம். பெற்றோர்னா நீங்க. இது உங்க விருப்பமா அண்ணாச்சி?”

“என் விருப்பமா?” அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “என்கிட்ட யாரும் அப்பிடிக் கேக்கலியே.”

“இப்ப நான் கேக்கேன்.”

“டீச்சர், இது ஆபீஸ். உங்க கிளாஸ் இல்லை” என்றார் தலைமையாசிரியர்.

“கிளாஸ்ல இருந்துதான சார் பிள்ளையை எடுக்கிய.”

இசக்கியின் அப்பா பேனாவை மேசைமேல் வைத்தார். அதை உருளாமல் இருக்கும்படி மெதுவாக வைத்தார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “அவ அம்மைக்கு இவ பத்து முடிக்கணும்னு ஒரு இது. தாள்ல இருக்கது என் விருப்பம் இல்ல சார். மன்னிச்சிக்கிடுங்க” என்றார். மன்னிப்பு கேட்டது அவர்.

அன்று மாலையே டீச்சர் மற்ற எட்டு வீடுகளுக்கும் போயிருக்கிறார். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று அவர்கள் கேட்டார்கள். பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை. டீச்சர் என்னிடம் வந்து, “எட்டுப் பேரு சார்” என்றார். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இசக்கி பத்தாம் வகுப்புக்குப் போனாள். டீச்சர் விடுப்பு போட்டுவிட்டு அவளையும் அவள் அம்மாவையும் அரசு மருத்துவமனைக்கு நான்கு முறை அழைத்துப்போய்ப் பரிசோதனை செய்து, எழுத்துகளைப் படிப்பதில் அவளுக்கு ஒரு குறைபாடு இருக்கிறது, அறிவில் குறை இல்லை என்று சான்று வாங்கி வந்தார். அதைக் காட்டி விண்ணப்பித்தால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கிடைக்கும். விண்ணப்பத்தில் தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். அவர் முடியாது என்றார். ஒரு பிள்ளைக்குச் செய்தால் நாளைக்கு எல்லாரும் வருவார்கள் என்றார். டீச்சர் விண்ணப்பத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. எனக்கு அப்போது ஓய்வுக்கு ஏழு ஆண்டுகள் இருந்தன. பயந்தேன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் நான்கு மணிக்கு ஒரு கட்டு காகிதம் தலைமையாசிரியருக்குப் போகும். அவர் எங்கே கையொப்பமிட வேண்டுமோ அங்கே நான் பென்சிலால் ஒரு டிக் போட்டிருப்பேன். அவர் டிக்கைப் பார்ப்பாரே தவிர காகிதத்தைப் பார்க்கமாட்டார். கட்டு திரும்பி வந்ததும் டிக்குகளை ரப்பரால் அழித்துவிடுவேன். நான்காம் நாள், உதவித்தொகைப் படிவங்களுக்கு நடுவே அந்த விண்ணப்பத்தையும் வைத்து ஒரு டிக் போட்டு அனுப்பினேன். கையொப்பத்தோடு வந்தது. டிக்கை அழிக்கும்போது தாள் சற்றுக் கிழிந்துவிட்டது. அத்தனை வருடத்தில் அப்படி ஆனது அந்த ஒரு முறைதான்.

டீச்சர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து, கிழிசலைப் பார்த்து, நடந்ததைப் புரிந்துகொண்டார்.

“ரொம்ப உபகாரம் சார். நெசமாத்தான் சொல்லுதேன்.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா ஒளிச்சு வாங்குன கையெழுத்து ஒரு பிள்ளைக்குத்தான் ஆவும். அந்த எட்டுக்கும் ஆவாது. அடுத்த வருசம் நீங்க லிஸ்ட் போடும்போதும் ஆவாது” என்றார்.

“நான் என்ன செய்ய முடியும், டீச்சர்? லிஸ்ட்னா கடைசிப் பேர் ஒண்ணு இருக்கத்தானே செய்யும்?”

“எப்பவும் இருக்கும் சார். அவனை வெட்டுனா, அவனுக்கு முந்துன பேரு கடைசியாயிரும். எங்க நிறுத்துவிய?”

அடுத்த ஆண்டும் பட்டியல் போட்டேன்.

அந்த எட்டுப் பேருக்கும் டீச்சர் தன் வீட்டு மாடி அறையில் சாயங்காலம் பாடம் நடத்தினார் என்பது இதைப் படிக்கும் சிலருக்குத் தெரியும். ஏனென்றால் அந்த எட்டில் மூன்று பேர் இந்த மலர்க் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் பெயர்களை முதலில் அழகாக எழுதியவன் நான்தான்.

இசக்கி ஆங்கிலத்தில் மட்டும் தோற்றாள். துணைத்தேர்வில் தேறிவிட்டாள். ஆனால் வாசலில் பதாகை ஏறவில்லை. ஆணி அடித்த இடம் சுவரில் வெறுமையாக இருந்தது. நிர்வாகக் குழு கூடியது. அந்தக் கூட்டக் குறிப்பையும் நான்தான் எழுதினேன். டீச்சரின் பெயரைச் சொல்லி யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த ஜூனில் அவருக்கு மூன்றாம் மாடியில் ஒன்றாம் வகுப்பும், தரைத்தளத்தில் எட்டாம் வகுப்பும் மாறி மாறி வருவதுபோலக் கால அட்டவணை வந்தது. அவருக்கு முழங்கால் வலி இருந்தது எல்லாருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு அறிவியலை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். ஆய்வுகூடச் சாவியைத் திரும்பக் கேட்டார்கள். இரண்டு ஆண்டு படி ஏறி இறங்கினார். ஒருநாள் அவரைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார்கள். பிறகு என்னிடம் அவர் பெயரில் ஓர் ஓய்வுக் கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார்கள்.

நான் தட்டச்சு செய்த தாளை டீச்சர் என் மேசைக்கு எதிரே நின்றே வாசித்தார். சிரித்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“‘சொந்த விருப்பத்தின் பேரில்’. என் விருப்பமும் உங்க கையாலதான் வரணுமா சார்?”

நான் எழுந்து நின்றேன். எதற்காக எழுந்தேன் என்று தெரியவில்லை.

“உக்காருங்க சார். உங்களுக்கு இன்னும் நாலு வருசம் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டார். என்னைக் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே எனக்காக யோசித்துச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் அது இன்னும் என்னை விடவில்லை.

அதன்பிறகு அவரை நான் சந்தித்தது சுனாபட்டியில் ஒரு திருமண மண்டபத்தில், ஒரே ஒரு முறை. பந்தியில் எதிர் வரிசையில் இருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, “உடம்பு எப்பிடி இருக்கு சார்? லிஸ்ட் எல்லாம் விட்டாச்சா?” என்றார். விட்டாயிற்று என்றேன். “மாத்திரை லிஸ்ட் மட்டும் விட்டுறாதிய” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது அந்த வரி. நினைவு மலரின் இரண்டாம் பக்கத்தில், அவருடைய வாழ்க்கைக் குறிப்பில், பள்ளி கொடுத்த விவரத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்: “சொந்த விருப்பத்தின் பேரில் ஓய்வு பெற்றார்.” எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நான் அதை அடித்துவிட்டு அனுப்பினேன். மலரைத் தொகுக்கும் தம்பி, பழைய மாணவர், போன் செய்தார்.

“சார், அந்த லைனை ஏன் சார் கட் பண்ணீங்க?”

“அது சரியில்லை, தம்பி.”

“ஸ்கூல்ல குடுத்ததே அதான் சார். மலர் வெளியிட ஹாலே அவங்கதான் தர்றாங்க. இப்ப எதுக்கு சார் பழசெல்லாம்? சோட் தோ சார்.”

விட்டுவிடு என்கிறார். நியாயமாகத்தான் பேசுகிறார். வயதில் சின்னவர், அலைந்து திரிந்து வேலை செய்கிறார். ஒரு காலத்தில் நானாக இருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன். பட்டியலில் இடம் பெற்ற மூன்று பேரில் அவரும் ஒருவர். தன் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் என்றைக்காவது பார்த்தாரா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். போனை வைத்துவிட்டேன்.

பிறகு இசக்கிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். எனக்கு அது பழக்கமில்லை. இரண்டு முறை அழித்துவிட்டு மூன்றாம் முறை அனுப்பினேன். நடந்ததைச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம். “நீங்க என்ன நினைக்கீங்க சார்? அவங்க என்ன சொல்றாங்கன்னு சொன்னீங்க. உங்க விருப்பம் என்னன்னு சொல்லவே இல்லியே.”

டீச்சரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். அவருடைய புத்தகமோ படமோ என்னிடம் இல்லை. பழைய சான்றிதழ்களின் அடிக்கட்டைகள் பள்ளியில் எங்கேயோ மூட்டையாகக் கிடக்கும். அவற்றில் உள்ள அந்த இரண்டு சொற்களை இனி என்னால் அழிக்க முடியாது. மேலே சொன்ன எதையும் தம்பி மலரில் சேர்க்காமல் விடலாம், எனக்கு வருத்தம் இல்லை. என் எழுத்தில் நீளம் அதிகம் என்று எனக்கே தெரியும். ஆனால் இரண்டாம் பக்கத்து வரி மட்டும் கீழே உள்ளபடி இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது என் விருப்பம். பென்சிலில் இல்லை, பேனாவில் எழுதி என் பெயரைப் போட்டு அனுப்புகிறேன்.

பள்ளியை விட்டு விலகியதற்கான காரணம்: பிள்ளைகளைப் பட்டியல் போட்டு வெட்டக்கூடாது என்றார். நாங்கள் அவரை இருக்க விடவில்லை.